கருவிழி ஓரத்தில் ஒரு துண்டு

'வந்துட்டேன், வழியிலதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போனை வைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அது எந்த வழி என்று இந்த வாரமும் யாருக்கும் தெரியவில்லை.

பன்னு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பித் தயாராகி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இடது கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும், ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. தெருவில் ஒரு நிழல் அசையும்போதெல்லாம் அண்ணன்தான் என்று நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

"எங்க இருக்காராம்?" என்று உள்பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"வழியில," என்றார் அவள் வீட்டுக்காரர்.

"வழியிலன்னா எங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அதுக்கும் வழியிலன்னார்."

பேக்கரி வைத்திருப்பதால் அவளுக்குப் பன்னு என்று பெயர் வந்ததாக வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பிறந்த குழந்தையின் கன்னத்தைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர் அது. பேக்கரி பிறகுதான் வந்தது. அந்த அண்ணன் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். ஊருக்கெல்லாம் மாஸ்டர். கோபம் வந்தால் பன்னுவுக்கும் அப்படித்தான் வாயில் வரும்.

இன்றைக்குக் காலையிலிருந்து அவள் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓவன் கழுவுகிற காரமருந்து டப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. பன்னு ஒரு ஊசியை விட்டுக் குத்தினாள். அடைப்பு போய்விட்டதா என்று முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். போய்விட்டிருந்தது. மருந்து மொத்தமும் இரண்டு கண்ணிலும் பீய்ச்சியடித்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒரு தடவை கருவிழி மாற்றிப் பார்த்தார்கள். புதுக் கருவிழியும் கொஞ்ச மாதத்தில் மங்கிவிட்டது.

ஏன் மங்கியது என்று புரியும்படி சொன்னவர் இப்போது பார்க்கிற டாக்டரம்மாதான்.

"கருவிழி மேல கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் இருக்கும்மா. அது தினமும் தேயும், தினமும் புதுசா வளரும். வளர்க்கிற ஸ்டெம் செல் எல்லாம் கறுப்பும் வெள்ளையும் சேர்ற ஓரத்துல வளையமா உக்காந்திருக்கு. உங்களுக்கு அந்த வளையமே வெந்துபோச்சு. வளர்க்கிறதுக்கு ஆள் இல்லாம கருவிழியை மட்டும் மாத்தினா எப்படி நிக்கும்?"

ஒரு கண் மட்டும் வெந்திருந்தால் அவளுடைய நல்ல கண்ணிலிருந்தே கொஞ்சம் எடுத்திருக்கலாம். இரண்டும் போனதால் வேறு யாராவது தரவேண்டும். கூடப் பிறந்தவர்கள் தந்தால் உடம்பு அதைத் தள்ளிவிடுகிற ஆபத்து குறைவு. ரத்தத்தைச் சோதித்ததில் அண்ணனுக்கும் அவளுக்கும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியிருந்தது. அவர் கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு அரிசி அளவுத் துண்டு போதும். அதைப் பொடியாக நறுக்கி, பிரசவத்தின்போது கிடைக்கிற பனிக்குடப் படலத்தின் மேல் ஒட்டி, அவளுடைய வலது கண்ணில் வைப்பார்கள். நாற்று பிடிப்பதுபோல் பிடித்துப் பரவும்.

இனி பாக்கி, மாஸ்டரின் கண்ணை டாக்டரம்மா ஒரு தடவை பார்ப்பதுதான். அதற்குத்தான் மாஸ்டர் வருவதில்லை. வரமாட்டேன் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. முதல் தடவை ஒரு மாணவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். அடுத்த தடவை கிளட்ச் போய்விட்டது. அதற்கடுத்து பல்வலி. பல் டாக்டரிடமாவது போனாரா என்றால் அதுவும் இல்லை.

இதற்குள் பன்னுவின் வலது கண் மேல்தோல் உரிந்து உரிந்து புண்ணாகிக்கொண்டிருந்தது. "கருவிழி மெலிஞ்சுக்கிட்டே வருது. ஓட்டை விழுந்துட்டா அப்புறம் எதைக் கொண்டு வந்து வெச்சும் பிரயோஜனம் இல்லை" என்று டாக்டரம்மா சொல்லி, அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நாளும் குறித்துவிட்டார்.

போன் அடித்தது. வீட்டுக்காரர் பேசினார். 'சரி மச்சான், சரி மச்சான்' என்று மட்டும் கேட்டது.

"நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறாராம். நம்மளை டாக்ஸி பிடிச்சுப் போகச் சொல்றார்."

"அப்ப இத்தனை நேரம் எந்த வழியில இருந்தாராம்?"

வீட்டுக்காரர் டாக்ஸிக்குப் போன் செய்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் இருந்து கத்துகிறவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பழகியவர். அந்தப் பொறுமையை வீட்டிலும் காட்டுவார். அதுதான் பன்னுவுக்கு எரிச்சலுக்கு மேல் எரிச்சல்.

* * *

"அம்மா, இப்படி வாங்க. இப்படி. இங்க. உக்காருங்க."

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் மூன்றாவது மாடிக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"எனக்குக் கண்ணுதாம்மா தெரியலை. காது நல்லாவே கேக்குது," என்றாள் பன்னு.

"சரிங்கம்மா," என்றாள் அந்தப் பெண், இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிறகு குரலைத் தணித்து வீட்டுக்காரரிடம் கேட்டாள். "சார், இவங்க சாப்பிட்டாச்சா?"

"இவங்க சாப்பிட்டாச்சு," என்றாள் பன்னு. "இவங்களைக் கேட்டா இவங்களே சொல்லுவாங்க."

சோபா வழவழவென்று இருந்தது, உட்கார்ந்தால் சறுக்கியது. பக்கத்தில் யாரோ சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள். வீட்டுக்காரர் தன் வழக்கப்படி அவளுக்கு அறையை விவரிக்க ஆரம்பித்தார்.

"எதிர்ல இன்னொரு சோபா இருக்கு. அதுல ஒருத்தர் உக்காந்திருக்கார்."

"அதை எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"தெரிஞ்சு வெச்சுக்கோ."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டு?"

அவர் யோசித்தார். "இந்த லிஃப்ட் கதவு ஒரு பக்கமா இழுக்குது, கேட்டியா?" என்றார்.

அவளுக்கும் அது கேட்டது. கேட்டது என்று சொல்ல மனம் வரவில்லை.

"இல்லை, நான் என்ன சொல்றேன்னா," என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். "வாய்க்குள்ள கன்னத்துல இருக்கிற தோலை எடுத்துக் கண்ணுல வைக்கலாமாம். அவங்கவங்க தோலே. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்."

"அதைப் போன தடவையே கேட்டீங்க. வைக்கலாம், ஆனா பார்வை அவ்வளவு தெளிவா வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அதுக்கு முந்தின தடவையும் கேட்டேன்."

"அதான். அவங்க ரெண்டு தடவை சொல்லிட்டாங்க."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது, ஒரு பக்கமாக இழுத்தபடி. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் வரப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"சின்னவளைக் கேட்டா என்ன?"

"அவ பேச்சை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

சின்னவள் மாஸ்டருக்கும் பன்னுவுக்கும் தங்கை. வேறு ஊரில், தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதிக்கிற ஆய்வாளர். விபத்து நடந்த மறுநாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்த அக்காவின் தலைமாட்டில் நின்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "ஒரு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கத் தெரியாதா உனக்கு?" என்பதுதான்.

பன்னு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு சின்னவள் எத்தனையோ தடவை போன் செய்தாள். பன்னு எடுக்கவில்லை. பிறகு அவளும் செய்வதை விட்டுவிட்டாள்.

"அவளுக்குத் துடிச்சுப்போச்சு, அதான் அப்படிப் பேசிட்டா," என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கும்தான் துடிச்சுது. நான் யாரையாவது ஏதாவது சொன்னேனா?"

அவர் மேலே பேசுவதற்குள் வாசல்பக்கம் ஒரு குரல் கேட்டது. "என்னம்மா, பேரலல் பார்க்கிங் இப்பவாவது வருதா, இல்லை இன்னும் சுவரைத்தான் இடிக்கிறியா?" வரவேற்புப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளும் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவள்.

"என்ன பன்னு, கோபமா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதினா மிட்டாய் வாசனை. "கோபமா இருந்தா உன் கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பும். பார்த்தாலே தெரியும்."

"உனக்குத்தான் கண்ணு தெரியுதே, பார்த்துக்கோ."

"பேச்சைப் பாருங்க மாப்பிள்ளை. இவளோட எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்க."

வீட்டுக்காரர் ஜாக்கிரதையாகச் சிரித்தார்.

மாஸ்டர் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். வழியில் சிக்னல் வேலை செய்யவில்லை, நேற்று ஒரு மாணவன் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான், ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கோடு போட்டவனுக்கே வண்டி ஓட்டத் தெரியாது. பேசிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் இருந்தது.

பயப்படுகிறார் என்று பன்னு நினைத்தாள். இத்தனை வளர்ந்த மனுஷர், ஒரு அரிசி அளவுத் துண்டுக்கு. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இழுத்து ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

* * *

டாக்டரம்மாவின் அறை குளிர்ந்து கிடந்தது. பன்னுவையும் வீட்டுக்காரரையும் சுவரோரம் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் கருவியின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது.

"தாடையை இதுல வைங்க. நெத்தியை முன்னாடி அழுத்துங்க. மேல பாருங்க."

"டாக்டர், ஒரு சந்தேகம்," என்றார் வீட்டுக்காரர்.

"வாய்ச் சதை பத்தின்னா நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் சார்."

"இல்லை, இது வேற."

"முதல்ல இவரைப் பார்த்துடறேன். கீழ பாருங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்."

டாக்டரம்மா வழக்கமாகப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். ஓரம் நல்லா இருக்கு, ரத்தக்குழாய் உள்ள வரலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தார். மறுபடி போட்டார். ஏதோ ஒரு சொட்டு விட்டார். வேறொரு லென்ஸை எடுக்கிற சத்தம் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"உங்களுக்கு இமை முடி நல்லா நீளமா இருக்கே," என்றார் டாக்டரம்மா கடைசியில்.

"எங்க குடும்பத்துலயே அப்படித்தான்," என்றார் மாஸ்டர்.

வீட்டுக்காரர் பெருமையாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"குடும்பத்துல இருந்தா பரவாயில்லை. சில சொட்டு மருந்து விட்டாலும் இப்படி வளரும்." டாக்டரம்மா ஸ்டூலைப் பின்னால் தள்ளினார். "நாம தனியாப் பேசலாமா? அவங்க வெளிய இருக்கட்டும்."

வீட்டுக்காரர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்," என்றார் மாஸ்டர். "அவளும் இருக்கட்டும். தெரியவேண்டியதுதானே."

"எவ்வளவு நாளா சொட்டு விடறீங்க?"

"மூணு வருஷமா. வேற ஒரு டாக்டர்கிட்ட, டவுனுக்கு அந்தப் பக்கம்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. கண்ணு எரிச்சலுக்குப் போடறதுன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். நேரே இருப்பது கடைசிவரை தெரியும். போவது பக்கவாட்டுப் பார்வை. போவதும் தெரியாமல் போகும். டாக்டரம்மா அதைச் சொல்லச் சொல்ல, தனக்குத் தெரிந்த பாடத்தைக் கேட்கிறவர்போல் மாஸ்டர் 'ம்' போட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் இருக்கட்டும் டாக்டர்," என்றார் பிறகு. "எப்படியும் போகப்போற கண்ணு. நல்லா இருக்கிறப்பவே அதுல இருந்து அவளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டா ஆச்சா? வருஷக்கணக்கா மருந்து விழுந்த ஓரம், அதுல இருந்து எடுத்து வெச்சா பிடிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அதோட, நாளைக்கு உங்க அழுத்தம் மருந்துக்கு அடங்கலைன்னா ஆபரேஷன் பண்ணணும். அதுக்கும் கை வைக்கிற இடம் இதே இடம்தான். இன்னிக்கு நான் அங்க வெட்டிட்டா, அன்னிக்கு உங்களுக்கு இடம் இருக்காது. ஒருத்தருக்குக் கண்ணு குடுக்கிறேன்னு இன்னொருத்தர் கண்ணை எடுக்கிற வேலையை நான் செய்யறதில்லை."

மாஸ்டரின் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு இருக்குன்னு நாளைக்கே டெஸ்ட் எடுக்கணும். அது வர்ற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது." பிறகு டாக்டரம்மாவின் குரல் பன்னுவின் பக்கம் திரும்பியது. இந்த ஆஸ்பத்திரியில் அவளிடம் சத்தம் போடாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "இறந்தவங்க கண்ணுல இருந்து எடுத்து வைக்கலாம்மா. ஆனா உங்க உடம்பு தள்ளிவிடறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. மருந்தும் கடுமையாக் குடுக்கணும். வேற யாராவது கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

வீட்டுக்காரர் செருமினார்.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்," என்றாள் பன்னு.

"யோசிங்க. ரொம்ப நாள் யோசிக்க நேரம் இல்லை. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

* * *

தாழ்வாரத்தில் ஜன்னலோரம் மூவரும் நின்றார்கள். கீழே வண்டிகள் வருவதும் போவதுமாக இரைச்சல். வெயில் பன்னுவின் முகத்தில் விழுந்தது. கண் எரிந்தது. அவள் நகரவில்லை.

"ஏதாவது சொல்லு பன்னு," என்றார் மாஸ்டர்.

"என்ன சொல்லச் சொல்றே?"

"திட்டு."

"திட்டினா உனக்கு நிம்மதியா இருக்கும். அதுக்காகவே திட்டக் கூடாதுன்னு பார்க்கிறேன்."

அவர் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தடவையும் கிளம்பத்தான் செஞ்சேன். சத்தியமா. பாதி வழி வருவேன். டாக்டர் பார்த்தா தெரிஞ்சுடும்னு தோணும். தெரிஞ்சா உனக்கு வேண்டாம்னு சொல்லிடுவாங்க. திரும்பிடுவேன். ஒருவேளை சொட்டை நிறுத்தினா தெரியாதோன்னு ஒரு வாரம் போடாமக்கூட இருந்து பார்த்தேன்."

"மருந்தையும் நிறுத்தினியா?" அவள் குரல் எகிறியது. எதிரே போன யாரோ நின்றுவிட்டுப் போனார்கள். "அண்ணா, உனக்கு மண்டையில என்னதான் இருக்கு? முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன். என் கண்ணுல எத்தனை தடவை தோல் உரிஞ்சுது தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ பல்வலின்னு வீட்டுல படுத்திருந்தே."

"உனக்கு நான் இல்லைன்னு சொல்ல முடியலைடி."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அது எவ்வளவோ மேல்."

வீட்டுக்காரர் அவள் தோளைத் தொட்டார். அவள் தோளைக் குலுக்கி உதறினாள். அழுதால் புண் இன்னும் எரியும், உப்புத் தண்ணீர். அழவும் வழியில்லாமல் ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் நிற்பது?

"வாங்க போகலாம்," என்றாள் கடைசியில். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். "அண்ணா, நீ எதுல வந்தே?"

"வண்டியிலதான்."

"அதை நீ எடுக்கக் கூடாது."

"பகல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை பன்னு. நேரா பார்த்தா எல்லாம் தெளிவாத் தெரியுது. இங்கேயிருந்து உன் வீடு எவ்வளவு தூரம்?"

"சாவியை அவர்கிட்ட குடு."

"மாப்பிள்ளை வண்டியைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு? அவர் கியர் போட்டா எனக்கு நெஞ்சு வலிக்கும்."

"வலிக்கட்டும். குடு."

அப்புறம் சாவி கை மாறுகிற சத்தம் கேட்டது.

* * *

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. மேலே பலகை, கதவில் பெயர், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக். மாஸ்டர் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். பன்னு பின்னால். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கின் பின்னால் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியைச் சரிபண்ணுங்க. கிளட்சை முழுசா மிதிங்க. முழுசா. இப்படி மிதிச்சா அது கிளட்ச் இல்லை, தடவல்."

"மச்சான், நானே பண்ணிக்கிறேன்."

"இண்டிகேட்டர்."

"போட்டுட்டேன்."

"அது வைப்பர்."

பன்னு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். ஒருவர் கண் நோயை மறைத்தார், ஒருவர் கிளட்சைத் தடவுகிறார், இவர்கள் இருவரையும் நம்பித்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று நினைக்கச் சிரிப்புகூட வந்தது. சிரிக்கவில்லை. மாஸ்டர் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார், இப்ப இரண்டாவது, இப்ப மூணாவது, முன்னாடி போறவனை ஒட்டாதீங்க. அவர் கால் தன் பக்கத்துப் பிரேக்கை அவ்வப்போது அழுத்தியது. அழுத்தும்போதெல்லாம் வண்டி வெடுக்கென்று இழுத்தது, வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"இடம் இருக்கு, திரும்புங்க," என்றார் மாஸ்டர். "ஒண்ணும் வரலை. தாராளமாத் திரும்பலாம். திரும்புங்க மாப்பிள்ளை."

வண்டி திரும்பியது. உடனே பிரேக் விழுந்தது. பன்னுவின் நெற்றி முன் இருக்கையில் இடித்தது. மிக அருகில் ஒரு சைக்கிள் மணி, ஏதோ உரசுகிற சத்தம், ஒரு ஆளின் வசவு. 'ஸ்கூல் வண்டியை ஓட்டிக்கிட்டே இப்படியா' என்று திட்டிவிட்டு அந்த ஆள் போனான்.

எஞ்சின் நின்றுபோயிருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அடி பட்டுச்சா?" என்று பன்னு கேட்டாள்.

"இல்லை. பிடிச்சுட்டேன். நான்தான் பிடிச்சேன்," என்றார் வீட்டுக்காரர், இரண்டு தடவை.

"எந்தப் பக்கத்துல இருந்து வந்தான்?" மாஸ்டரின் குரல் தணிந்திருந்தது.

"உங்க பக்கம்தான் மச்சான். உங்க ஜன்னலை ஒட்டி. கொஞ்ச தூரமாவே வந்துக்கிட்டிருந்தான். நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பி, மெதுவாக ஓரம் கட்டினார். இந்தத் தடவை யாரும் அவருக்குக் கிளட்சைப் பற்றிச் சொல்லவில்லை.

"நான் பார்க்கலை," என்றார் மாஸ்டர் வெகுநேரம் கழித்து. "மணி அடிச்சப்புறம்கூடப் பார்க்கலை."

பன்னு முன்னால் கையை நீட்டினாள். அவர் சட்டைக் காலர் கையில் பட்டது, பிறகு கழுத்து. கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது இருந்தபாட்டுக்கு இருந்தது.

அவர் போனை எடுத்தார். ஸ்கூலில் உட்காருகிற பெண்ணோடு பேசினார். "சாயங்கால வகுப்பெல்லாம் வேண்டாம்னு சொல்லிடும்மா. இல்லை, நாளைக்கும் இல்லை. இல்லைம்மா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான். நேர்ல வந்து சொல்றேன்."

போனை வைத்தபின் மாஸ்டர் தன் மடியில் வைத்த கையை எடுக்கவேயில்லை என்று வீட்டுக்காரர் பிறகு அவளிடம் சொன்னார். அன்றைக்கு அவர் விவரித்ததில் அவளுக்கு உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான்.

"அண்ணிகிட்ட இன்னிக்கே சொல்லணும்," என்றாள் பன்னு.

"சொல்றேன்."

"நான் பக்கத்துல இருக்கிறப்ப சொல்லு. வழியில இருக்கேன்னு என்கிட்ட சொன்ன மாதிரி அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போயிடாதே."

"சரிடி."

வெளியே பஸ் ஒன்று கடந்துபோனது. டாக்டரம்மா கேட்ட கேள்வி வண்டிக்குள் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. ஆண்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரர்கூடச் செருமவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் பன்னுவுக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, அவளுக்குப் போன் போடு."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கேன்."

அவர் எண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்கமாட்டாள், வேலையில் இருப்பாள், எடுக்காமல் போனால் நல்லது என்று பன்னு நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் எடுக்கப்பட்டது. காதே அடைத்துவிடுகிற மாதிரி இயந்திரச் சத்தம்.

"அண்ணா, சொல்லு. அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" சின்னவள் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

பேச வேண்டியதை எல்லாம் பன்னு மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எவ்வளவோ இரவு படுத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பதில் தயார் செய்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான்தான்," என்றாள். "நீ கண்ணுக்குள்ள லென்ஸ் கின்ஸ் ஏதாவது வெச்சுக்கிறியா?"

மறுமுனையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பன்னு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கண்ணுக்கு மருந்து எதுவும் போடறது இல்லையே?" என்றாள் மறுபடி. "ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கியா?"

"இரு," என்றாள் சின்னவள். வேகமான காலடிச் சத்தம் கேட்டது. கனமான கதவு ஒன்று திறந்து மூடியது. இரைச்சல் அறுந்துபோனது. அவள் மூச்சு வாங்குவது மட்டும் பக்கத்தில் கேட்டது.

"வெளிய வந்துட்டேன் அக்கா. இப்ப சொல்லு."